பச்சை மட்கார்டு சைக்கிள்

வெள்ளிக்கிழமை காலை. ரூவி நகரத்துக்குப் போகும் எங்கள் பஸ், பேரீச்சந்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சைக்கிளின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. கேரியரில் இருந்த புல்லுக்கட்டு, ஓட்டுபவரின் முதுகை மறைத்திருந்தது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழர்கள். பஸ்ஸில்தான் பழகியவர்கள் போலிருந்தது.

“ஹாரன் அடிக்க வேணாம்னு டிரைவர்கிட்ட சொல்லுப்பா,” என்றார் மூத்தவர்.

“அந்த ஆளு ஒதுங்கினாத்தானே நாம போக முடியும், அண்ணே?”

“செல்வமும் இப்படித்தான் ஒதுங்குனான்.”

“யாரு அது?”

“எங்க தோட்டத்துல இருந்தவன். இதே சைக்கிள்தான், பச்சை மட்கார்டு. ஹாரனுக்குப் பதறி மணல்ல எறக்குனான். சறுக்கி லாரிக்கு அடியில போயிட்டான். சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல.”

இளையவர் எட்டிப் பார்த்தார். “இப்ப ஓட்டுறவருக்கு இது தெரியுமா?”

“புதுசா வந்தவரு. மத்தவங்க யாரும் அந்த சைக்கிளைத் தொடல. சும்மா கிடக்குதே, அவருக்குக் குடுன்னு எங்க அரபி முதலாளி, கஃபீல், சொல்லிட்டாரு.”

“நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

மறுபடியும் ஹாரன். சைக்கிள் தடுமாறி மணலில் இறங்கியது. பஸ் கடந்துபோனது. மூத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“நான்தான் அந்த சைக்கிளைக் கழுவிக் குடுத்தேன்.”