சிமெண்டில் நின்ற கல்யாணக் கூடாரம்

மலேசியாவில், பாடாங் செராய் கிளினிக்கில் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தேன். வெளியே விடாத மழை. எனக்கு முன்னால், கால்சட்டையில் சிமெண்ட் காய்ந்துபோயிருந்த ஒருவர் பக்கத்தில் நின்ற அம்மாளிடம் சொன்னார்:

“அக்கா, உங்க கல்யாணக் கூடாரம் சிமெண்ட்ல மாட்டிக்கிச்சி.”

கூடாரம் வாடகைக்கு விடுகிற அம்மாள் போலிருக்கிறது. “அது எப்படி மாட்டும்?”

“தெனம் மழை லா. வேலை நிக்கக்கூடாதுன்னு வீட்டு முன்னால உங்ககிட்ட வாடகைக்கு எடுத்த கூடாரத்தப் போட்டு, அதுக்கடியில தரைக்குச் சிமெண்ட் ஊத்துனோம். அவசரத்துல கூடாரத்துக் காலச் சுத்தியும் ஊத்திட்டோம். காலையில பாத்தா இறுகிப்போச்சி. இனி தரைய ஒடச்சாத்தான் வரும்.”

“ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்கு நான் எத அனுப்புறது?”

“யாரு வீட்டுக் கல்யாணம்?”

“நீ சிமெண்ட் ஊத்துன வீட்டுலதான். பந்தி போடத்தானே தரையே கேட்டாங்க!”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

“அப்ப அங்கேயே நிக்கட்டுமே.”

“கல்யாணம் முடிஞ்சப்புறம்?”

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

“புள்ள பொறந்தா காதுகுத்துக்கும் உங்ககிட்டதானேக்கா கேப்பாங்க. நிக்கட்டும் லா.”