அப்பாவுக்கு வைத்த ரோஸ்ட்

— கதவ நல்லா சாத்துடா. இடுக்கு தெரியக்கூடாது.

— சாத்திட்டேன்க்கா.

— எட்டி நில்லு. நீ பாத்துட்டே நின்னா அப்பா எப்படி வந்து சாப்புடுவாரு?

— உயிரோட இருந்தப்ப நாம பாக்கத்தான சாப்புட்டாரு.

— செத்து ஒரு வருஷம் ஆச்சு. இப்ப வேற முறை. எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு உனக்கு.

— சரி சரி. எவ்வளவு நேரம் வெளிய நிக்கணும்?

— ஊதுவத்தி எரிஞ்சு முடியற வரைக்கும்.

— இந்தக் குளிர்லயா? என் ஸ்வெட்டர் உள்ள இருக்கு.

— இருக்கட்டும். ஒரு நாள் குளிர் வாத்தியார ஒண்ணும் பண்ணாது. ரிங்லெட்டுல இருந்து பத்து மணிக்கு வாடான்னா, ஒரு மணிக்கு வர்ற.

— தானா ராத்தா டவுனுக்குப் போய்ட்டு வந்தேன்லா. அந்தப் பொட்டிய வாங்க வேணாமா?

— அந்தப் பொட்டி! எஸ்டேட்டு ஆபீஸ் கிராணிகிட்ட கெஞ்சி லீவு வாங்கி, இருட்டுல எந்திரிச்சு சமைச்சிருக்கேன். நாட்டுக்கோழி, நெத்திலி சம்பல், மொச்சக்கொட்ட, வடை, பாயசம். ஸ்டௌட்டு பீரும் ஊத்தி வெச்சாச்சு. நீ நடு எலையில கொண்டாந்து அட்டப்பொட்டியப் பிரிக்கற.

— நடுவுல வெக்கலக்கா. ஓரமாத்தான்...

— வடைய நகத்திட்டு வெச்ச. பாத்தேன்.

— எடம் பத்தல.

— அதுல உப்பிக்கிட்டு ஒரு பணியாரம். அது என்னது?

— பணியாரம் இல்ல. புட்டிங்கு. ரோஸ்ட்டுக்குத் தொட்டுக்கிட்டுத் தின்பாங்க.

— இனிப்பா?

— இல்ல.

— இனிக்காத புட்டிங்கு! அது மேல கொழகொழன்னு ஊத்தினியே...

— கிரேவி.

— எலையில ஓடிப்போய் என் பாயசத்துல கலந்திருச்சு.

— அக்கா, அப்பா முப்பது வருஷம் துரை பங்களா குசினியில சமைச்சவரு. அவருக்கு இதெல்லாம் பழக்கம்.

— சமைச்சாரு. வீட்டுக்கு வந்து ரசஞ்சோறுதான் தின்னாரு. கத்தி முள்ளு எதுக்கு? கையால தின்ன மனுஷன்.

— ஐயோ... அக்கா, ஒரு நிமிஷம் தொறக்கவா? முள்ள வலப்பக்கம் வெச்சிட்டேன்.

— செத்தவருக்கு எந்தப் பக்கம் இருந்தா என்ன?

— அப்பாவுக்கா? இதுக்குத்தான் குசினிப் பையன்களக் கொட்டுவாரு.

— நில்லுடா! தொறந்தா மறுபடியும் மொதல்ல இருந்து ஊதுவத்தி கொளுத்தணும்.

— அவரே அந்த ஒரு நாள் கத்தி முள்ளுலதான் சாப்புட்டாரு. எழுபத்தி நாலுல, கடைசி துரை சீமைக்குப் போறப்ப...

— ஆரம்பிச்சுட்டியா!

— மேசையில உக்கார வெச்சு, துரையே கையால வெட்டி...

— "ராமையா, இன்னிக்கு நீ உக்காரு, நான் பரிமாறறேன்"னாரு. ஆயிரம் தடவ கேட்டாச்சு. அந்தக் கத வந்தாலே அம்மா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிரும்.

— அம்மாவுக்குப் பொறாம.

— உனக்கு ஒண்ணும் தெரியாது.

— அந்த மாதிரி ஒரு சாப்பாடு பொறந்ததுல இருந்து சாப்புட்டதில்லன்னாரே. சமைச்சதும் அவரேதான். அதுதான் தமாஷு.

— தமாஷு... மூணு வெள்ளிக்கிழமையா எனக்குத் தூக்கம் கெடையாது. அதுவும் உனக்குத் தமாஷா?

— நான் அதச் சொல்லலக்கா.

— கனவுல வாசல்ல வந்து நிக்கறாரு. சோத்தப் போட்டு நீட்டறேன். தட்டப் பாக்கறாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடறாரு. அப்பன் பசியோட போனா, மக எப்படிடா திங்கறது?

— அதுக்குத்தானக்கா ரோஸ்ட்டு. பூசாரி என்ன சொன்னாரு? அவருக்குப் பிடிச்சத வெக்கச் சொன்னாரு.

— பிடிச்சதத்தான் வெச்சிருக்கேன்.

— உனக்கு சமைக்க வர்றத வெச்சிருக்க.

— அறைஞ்சிருவேன்... வர்றேன் அம்மாக்கண்ணு! ஊதுவத்தி இன்னும் முடியல! பிள்ளைங்களுக்கு வடை தனியா எடுத்து வெச்சிருக்கேன்! ...பக்கத்து வீட்டுக்காரிக்கும் அவசரம். ஆளாளுக்கு என் உயிர எடுக்கறீங்க. யாருடா செஞ்சது அத?

— காளியண்ணன். டவுன் ஹோட்டல்ல இப்ப பெரிய குக்கு. அப்பாகிட்ட தொழில் கத்துக்கிட்டவரு. ராமையா அண்ணனுக்கான்னு கேட்டு, பக்கத்துலயே நின்னு செஞ்சாரு.

— என்ன கறி?

— ஆடு.

— ஆடா?

— ஆடுதான்லா.

— உள்ள அவ்வளவு செவப்பா இருக்கு.

— வெள்ளக்காரன் அப்படித்தான் தின்பான். அரை வேக்காடு.

— ஒவ்வொரு துண்டும் கை அகலம்.

— பெரிய ஆடு.

— இஸ்கூல்ல பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுக்கறியா?

— சரி, நீ ஒண்ணு சொல்லு. பொட்டியப் பிரிச்சதும் சாமி படத்து மேல எதுக்குத் துண்டப் போட்ட?

— தூசி.

— வருஷம் பூரா மழ பெய்யற ஊர்ல தூசியா?

— அப்பா வேல விட்டு வந்ததும் பைப்படியில குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழைவாரு. இதே குளிர்ல. எதுக்குன்னு நெனச்ச?

— குசினிப் பொக நாத்தம்னு...

— பொகைக்கு எதுக்குடா மஞ்சத்தண்ணி? வாயத் தொற.

— அக்கா... நான் ஆட்டு ரோஸ்ட்டுதான் கேட்டேன். காளியண்ணன் சிரிச்சாரு. "அன்னிக்கு துரை வெட்டி வெச்சது ஆடு இல்ல தம்பி, குசினிக் கதவுல நானும் நின்னேன்"னாரு.

— அப்புறம்?

— "தங்கம்மாகிட்ட மட்டும் ஆடுன்னு சொல்லிரு"ன்னாரு. உண்மையச் சொன்னா நீ வீட்டுக்குள்ள விடமாட்ட.

— விட்டிருக்க மாட்டேன்.

— திட்டு. ரெண்டு அடி வேணும்னாலும் அடி. உள்ள போய் எடுத்துட்டு வந்துரவா? வீட்ட நானே கழுவி விடறேன்...

— கதவத் தொடாத.

— அக்கா, அது மாடு.

— பிரிச்சப்பவே தெரியும்டா. ஆஸ்பத்திரியில கடைசியா அதத்தான் கேட்டாரு. அம்மா போய் அஞ்சு வருஷம் ஆச்சு, அப்பவும் அம்மாவுக்குக் கேட்டுருமோன்னு என் காதுக்குள்ள சொன்னாரு. நான் ஆட்டுக்கறிய வறுத்துக் கொண்டு போய், காளியண்ணன் செஞ்சது, நீங்க கேட்டதேதான்ப்பான்னு ஊட்டினேன். ஒரு வாய் மென்னாரு. "இது இல்லம்மா"ன்னாரு. தட்டத் தள்ளிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் திங்கல... ஊதுவத்தி முடிஞ்சாலும் தொறக்காத. மெதுவா சாப்புடட்டும்.