கட்டுப்போட்ட வண்டி

எப்சி: வண்டி எடுத்துட்டு வந்த அன்னைக்கு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா அத்தான்?

மெர்வின்: என்ன சொன்னேன்?

எப்சி: "எப்சி, இது கரெண்டு வண்டி. மலையில ஏறுனா சத்தமே கேக்காது. பக்கத்துல போனாக்கூட மான் திரும்பிப் பாக்காது"ன்னீங்க.

மெர்வின்: அதுக்கு நீ என்ன சொன்ன?

எப்சி: "மான் பாக்கலன்னா பரவால்ல, மாடு குறுக்க வந்தா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டேன்.

மெர்வின்: மாடெல்லாம் வரல. நாந்தான் மாடு மாதிரி வந்தேன், பின்னாடி கயித்தக் கட்டிக்கிட்டு.

எப்சி: கயிறா? விழுந்துட்டேன்னு மட்டுந்தான சொன்னீங்க?

மெர்வின்: அத விடு. சார்ஜர் எங்க ஏட்டி? கௌதம்ராஜ் அஞ்சு மணிக்கு வண்டிய எடுக்க வாரேன்னுருக்கான்.

எப்சி: தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.

மெர்வின்: ஒரு மணி நேரமா உக்காந்த எடத்துலருந்தே தேடுத.

எப்சி: மனசுக்குள்ள தேடுதேன். இன்னைக்கே குடுக்கணுமா? ஒரு வாரம் கழிச்சுக் குடுத்தா வண்டி வேண்டாம்னா சொல்லப் போகுது?

மெர்வின்: அதப் பாக்கும்போதெல்லாம் முழங்கை எரியுது. போகட்டும்.

எப்சி: எனக்கு அது போறது புடிக்கல அத்தான்.

மெர்வின்: உனக்கென்ன? ஒரு நாளாச்சும் அதுல ஏறிருக்கியா?

எப்சி: இருங்க, வாசல்ல யாரோ வாராங்க.

கௌதம்ராஜ்: மதினி! வாசல்ல ரெண்டு கால் நிக்குது, ஒண்ணு மட்டும் நொண்டுது. உள்ள வரலாமா?

எப்சி: வாங்க தம்பி. முழங்கால் எப்படி இருக்கு?

கௌதம்ராஜ்: மடக்குனா அழுவுது, நீட்டுனா சிரிக்குது.

எப்சி: மேகமலையில என்னதான் நடந்துச்சு? இவங்க எங்கிட்ட பாதிதான் சொல்லிருக்காங்க.

மெர்வின்: ஏலே, வண்டியப் பாத்துட்டு வண்டிய மட்டும் எடுத்துட்டுப் போ.

கௌதம்ராஜ்: மதினி காபி தருவாங்கள்ல? சும்மாவா குடிக்க? கேளுங்க மதினி. எனக்கும் விக்னேஷ்வரனுக்கும் பெட்ரோல் வண்டி. இவன் மட்டும் எஸ்டேட் ரூம்ல விடிய விடிய சார்ஜ் போட்டான். காலையில நூறு காட்டுது. "பாருங்கலே, பள்ளிக்கூடத்துல வாங்காத நூத்துக்கு நூற மலையில வாங்கிட்டேன்"ங்கான்.

மெர்வின்: அந்த நூறுதான் என்னய ஃபெயிலாக்குச்சு.

எப்சி: நூற வச்சுக்கிட்டா இறக்கத்துல எறங்குனீங்க? எம்பதுல நிறுத்திருக்கணும்லா!

கௌதம்ராஜ்: என்ன மதினி?

எப்சி: இல்ல... பொதுவாச் சொன்னேன். மேல சொல்லுங்க.

மெர்வின்: நானே சொல்லிருதேன், இவன் சொன்னா இன்னும் ரெண்டு பள்ளத்தச் சேப்பான். ஜீப்பு போற பாதை, பூரா உருட்டுக் கல்லு. இறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டாப் போதும், மோட்டாரே வண்டியப் புடிச்சுக்கும். பிரேக்கு வேண்டாம், வர்ற கரெண்டு பேட்டரிக்குப் போயிரும்னு இவனுங்ககிட்ட ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்திருந்தேன்.

எப்சி: பேட்டரி நெறஞ்சு கெடந்தா அந்தக் கரெண்டு எங்க போவும்? மோட்டார் புடிக்காது.

மெர்வின்: புடிக்கல. வண்டி எனக்கு முன்னாடி கெளம்பிருச்சு. பிரேக்க அமுக்கி அமுக்கி, கருகுன தோசை வாசம் வந்துருச்சு. அப்பத்தான் எனக்கு ஒரு ஐடியா வந்துச்சு.

எப்சி: உங்களுக்கு ஐடியா வந்தா செத்த நேரம் படுத்துரணும் அத்தான்.

கௌதம்ராஜ்: ஃபர்ஸ்ட் எய்டு பையில இவன் வேல பாக்குற மில்லுல செஞ்ச பேண்டேஜ் பன்னெண்டு ரோல். மூணு மூணாப் பின்னி, வண்டிக்குப் பின்னாடி கட்டுனான். "ரெண்டு பேரும் புடிச்சுக்கோங்கலே, நான் மெதுவா எறங்குதேன்"ங்கான்.

எப்சி: எந்த பேண்டேஜ்?

மெர்வின்: ...கிரேப்பு.

எப்சி: அய்யோ! அது இழுபடுமே!

மெர்வின்: எனக்குத் தெரியாதா? எட்டு வருசமா சூப்பர்வைசர். தெனமும் காலையில அதை ஸ்கேல்ல இழுத்துப் பாத்து, ஒண்ணுக்கு ரெண்டா நீளுது, பாஸுன்னு கையெழுத்துப் போடுதவனே நாந்தான்.

கௌதம்ராஜ்: நல்ல சரக்கு மதினி, அதச் சொல்லணும். இவன் அடுத்த வளைவுல நிக்கான், நாங்க இந்த வளைவுல நிக்கோம், நடுவுல பேண்டேஜ் மட்டும் போயிக்கிட்டே இருக்கு. பொறவு அது சுருங்கணும்லா? சுருங்குச்சு. நாங்க தரையிலயே தேஞ்சுக்கிட்டு இவன்கிட்ட போயிச் சேந்தோம்.

மெர்வின்: மூணு பேரும் ஒரே கும்பலா விழுந்தோம். பொறவு அதே பேண்டேஜ அவுத்து ஆளுக்கொரு கட்டு. மிச்சத்த அவுக்க நேரமில்லாம வண்டியிலயே சுத்திட்டோம். கீழ டீக்கடையில ஒரு அம்மா எங்களக் கண்டுக்கவே இல்ல. "ஐயோ பாவம், வண்டிக்கு என்னாச்சு"ங்குது.

எப்சி: சபை வாட்ஸப் குரூப்ல வேற வந்துருச்சே.

கௌதம்ராஜ்: குரூப்லயா?

எப்சி: போதகர் வேதசிரோமணி ஐயா ஜெபக்குறிப்பு போட்டுட்டாங்க. "மலையிலிருந்து விழுந்த மெர்வின் தம்பிக்காக ஊக்கமாய் ஜெபியுங்கள்." அன்னைக்கே ரோசம்மாள் பெரியம்மா ஆரஞ்சுப் பழத்தோட அழுதுக்கிட்டு வந்தாங்க. இவங்க நாலாவது பரோட்டாவப் பிச்சுக்கிட்டு இருந்தாங்க.

மெர்வின்: பெரியம்மா பழத்தத் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டாங்கலே. அந்த அவமானத்துலதான் வண்டிய உனக்குத் தாரேன். எடுத்துட்டுப் போயிரு.

கௌதம்ராஜ்: இரு, மீட்டரப் பாத்துக்கிடுதேன்... ஏலே மெர்வின். மலைக்கு எத்தன தடவ போயிருப்போம்?

மெர்வின்: மூணு. மத்தபடி இந்த வண்டி வெளியவே போகாது. நான் வேலைக்கு மில் வேன்லதான போறேன்.

கௌதம்ராஜ்: அப்பிடின்னா ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கணும். இதுல மூவாயிரத்தி நூறு காட்டுது.

மெர்வின்: விழுந்த அதிர்ச்சியில மீட்டர் கொழம்பிருக்கும்.

கௌதம்ராஜ்: கண்ணாடியுமா கொழம்பிருக்கு? ரெண்டும் ஏன் இம்புட்டு கீழ பாத்துக்கிட்டு நிக்கு?

மெர்வின்: அது எப்பவும் அப்பிடித்தான். ஏறி உக்காந்தா கண்ணாடியில என் வயிறுதான் தெரியும். தொப்பை போட்டுருச்சுன்னு ரெண்டு மாசமா ராத்திரி சப்பாத்தி தின்னுக்கிட்டு இருக்கேன்.

எப்சி: சப்பாத்தி நல்லதுதான அத்தான்.

மெர்வின்: ஏட்டி. சார்ஜர் எங்க?

எப்சி: கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல, நான் வேல பாக்குற எடத்துல.

மெர்வின்: அங்க எதுக்கு?

எப்சி: காலேஜ் லைப்ரரியில, என் மேசைக்கு அடியில. நீங்க ஆறு மணிக்கு வேன் ஏறுவீங்க. நான் எட்டரைக்குக் கண்ணாடிய என் உசரத்துக்குத் திருப்பி வண்டிய எடுப்பேன். சாயந்தரம் நீங்க வர்றதுக்குள்ள துடைச்சு, உறை போட்டு நிறுத்திருவேன். காலேஜ் பஸ்ஸுல ஏறி அஞ்சு மாசமாச்சு.

கௌதம்ராஜ்: மதினி!

எப்சி: கூட வேல பாக்குற யுவராணிதான் செண்பகத்தோப்பு ரோட்டுல வச்சுப் பழக்கிவிட்டா. லைசென்ஸும் எடுத்துட்டேன்.

மெர்வின்: எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?

எப்சி: எப்படிக் கேக்க? நீங்க மலைக்குப் போற ஒவ்வொரு தடவையும் நான் முறுக்கு டப்பாவப் பையில வைக்கும்போதே, "உனக்கு உசரம்னா பயம், வேண்டாம்"னு நீங்களே பதில் சொல்லிருவீங்க. எனக்கு பயம்னு யாரு சொன்னா?

மெர்வின்: யாரும் சொல்லல.

எப்சி: பின்ன?

மெர்வின்: கௌதம், நீ கொஞ்சம் வெளிய போயேன்.

கௌதம்ராஜ்: கால் மடங்க மாட்டேங்குது மாப்ளே. சொல்லு.

மெர்வின்: பயம் எனக்குத்தான். மேல போனா பள்ளத்துப் பக்கம் திரும்பவே மாட்டேன். முன்னாடி போறவன் முதுகையே பாத்துக்கிட்டு ஓட்டுவேன். மூணு தடவ போயாச்சு, மேகமலை எப்படி இருக்கும்னு கேட்டா இவன் சட்டை என்ன கலருன்னுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

கௌதம்ராஜ்: அடப்பாவி, "மெதுவாப் போங்கலே, வியூ பாக்கணும்"னு கத்துனது நீதான!

மெர்வின்: உன்னக் கூட்டிட்டுப் போயி, பின்னாடி உக்காந்து நான் பயந்து பயந்து ஓட்டுறத நீ பாத்துட்டா... அதுக்குத்தான் உனக்கு பயம்னு சொல்லிச் சொல்லி வச்சேன். சிரிச்சுக்கோ. சபை குரூப்ல வேணும்னாலும் போடு.

எப்சி: சிரிக்கல அத்தான்.

மெர்வின்: பின்ன ஏன் முகத்த அப்படி வச்சிருக்க?

எப்சி: நெதமும் வண்டியில போகும்போது அந்த மலை என் கூடவே வரும். இவங்க மட்டும் அதுக்கு மேல நின்னு பாத்திருப்பாங்க, நான் அடிவாரத்தோட நின்னுட்டேன்னு நெனப்பேன். நீங்களும் பாக்கலன்னு இப்பத்தான தெரியுது.

கௌதம்ராஜ்: அப்ப வண்டி எனக்கு இல்ல. மதினி, காபியாச்சும் உண்டா?

மெர்வின்: சும்மா இருலே. எப்சி, கேளு. இந்தத் தடவ நான் முந்திப் பதில் சொல்ல மாட்டேன். என்ன வேணும்?

எப்சி: கல்யாணம் ஆன நாள்லருந்து கேக்கணும்னு இருக்கேன்... என்னையும் அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போங்க அத்தான். வண்டிய நானே ஓட்டுதேன்.