கோச்சுக்கு வந்த சம்பந்தங்கள்

நான் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆள் இல்லை. தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்துப் பழகிய கால்கள். நாற்காலியைக் கண்டால் அவற்றுக்கு என்னவோ செய்யும். நீங்கள் அனுமதித்தால் இந்த ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே சொல்கிறேன். எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே நடப்பேன். தேத்தண்ணீர் வேண்டாம், நன்றி.

என் பெயர் புஷ்பவள்ளி. சுங்கை பினாங் அடுக்குமாடியில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. காற்பந்து பார்க்கிறவர் என்றால் என் கணவர் குணாளனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். லீக்கில் விளையாடியவர், பிறகு விளையாடிய அணிக்கே பயிற்றுநராக இருந்தவர். பாசாரில் மீன்காரர்கூட “கோச், தல வேணுமா, வாலு வேணுமா?” என்றுதான் கேட்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் நீங்கள் கேட்பீர்கள்.

அந்த லீக் அணியில் அவர் வேலை போன நாளிலிருந்து ஆரம்பிக்கலாம். வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆட்டம் முடிந்து நாங்கள் காருக்கு வரும்போது ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். தண்ணீர்ப் போத்தல்கள் வந்து விழுந்தன. ஒருவன் காரின் மேல் ஏறி உட்கார்ந்து அவருடைய அம்மாவைப் பற்றிப் பேசினான். அவர் கண்ணாடியை இறக்கி, “தம்பி, எறங்குய்யா, வீட்டுக்குப் போகணும்” என்று கெஞ்சினார். வீட்டுக்கு வந்தவர் கட்டிலில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்தார். மாதக்கணக்கில் அப்படித்தான் கிடந்தார். நான்தான் ஊட்டினேன், நான்தான் சவரம் செய்துவிட்டேன். திரும்பவும் எழுந்து, பையன்களுக்குப் பந்து சொல்லித்தர மைதானத்துக்குப் போகிற ஆளாக அவரை ஆக்கியது நான். அதை யாரும் மறுக்க முடியாது, நீங்களும்தான்.

இனி பஷீர் அண்ணனைப் பற்றி. அவர் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் என் கணவர் ஆடிய அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். தேசிய அணிக்குப் புதுப் பயிற்றுநரைத் தேடும் குழுவில் அவரும் ஒருவர். என் கணவர் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, தேசிய அணியில் இருந்த வெளிநாட்டுப் பயிற்றுநர் பெட்டியைக் கட்டினார். உள்ளூர் ஆள் ஒருவரைப் போடலாம் என்று பேச்சு எழுந்தது. பஷீர் அண்ணன் ஓடி வந்தார்.

என் கணவரோ ரோஷக்காரர். முன்பு லீக் வேலைக்காகத் தானே போய் ஓர் அலுவலக வராந்தாவில் சான்றிதழ்களோடு நின்றதை அவர் மறக்கவே இல்லை. பஷீர் அண்ணனிடம் என் எதிரிலேயே சொன்னார்.

“எங்கிட்ட எதுவும் கேக்காதண்ணே. மாப்பிள்ள தானே எந்திரிச்சி வந்து பொண்ண எனக்குக் குடுங்கன்னு கேப்பானா? அவங்களுக்கு வேணும்னா வீட்டுல கேக்கட்டும். வள்ளி சொல்றதுதான்.”

அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அவரே நாலைந்து நிக்காஹ் பேசி முடித்தவர். “சம்பந்தம் பேசுற மாதிரியே பேசிடுவோம்லா” என்று சிரித்தார். அன்றிலிருந்து அதுதான் முறையானது. சம்பந்தத்தில் வீட்டுக்காரர்கள் நாசூக்காக ஒரு காரணம் சொல்லிவிட்டால் கேட்டவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். மாப்பிள்ளையைத் தனியாகப் பிடித்து “ஏன் வேணாம்னீங்க?” என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் இரண்டு பக்கமும் அசிங்கம். எங்களில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

சரியாக ஒரு வாரத்தில் அண்ணன் என்னை அழைத்தார். குழுவுக்குக் குணாளனைப் பிடித்திருக்கிறது, சரி என்றால் மேலே பேசலாம் என்றார். எனக்கு உடனே அந்தக் காரின் மேல் உட்கார்ந்திருந்தவனின் செருப்பு ஞாபகம் வந்தது. லீக்குக்கே அப்படி என்றால் நாட்டுக்கு எப்படி?

“இப்ப வேணாம்ணே, அவருக்கு மனசு இன்னும் சரியாவல” என்றேன். அது பொய் இல்லை.

“வெளங்குது தங்கச்சி. நான் அவன்கிட்ட இதப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்.”

திறக்கவும் இல்லை. நல்ல மனிதர்.

என் கணவர் காத்திருந்தார். அவர் காத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைக் காலையில் கழுவுவார், மாலையில் திரும்பவும் கழுவுவார். பேப்பரை நின்றுகொண்டே படிப்பார். சாப்பாட்டு மேசையில் கிச்சாப் போத்தலைத் தற்காப்பில் நிறுத்தி, உப்பு டப்பாவை இடது பக்கம் ஓடவிடுவார். என் போன் அடித்தால் என் முகத்தையே பார்ப்பார், கேட்க மாட்டார். வேறொருவர் பெயர் அறிவிக்கப்பட்டதும், “பரவால்ல, நல்ல ஆளுதான்” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. எனக்கு வலித்தது. எனக்கு வலிக்கவில்லை என்று நீங்கள் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆனால் மறுநாள் அவர் எழுந்து மைதானத்துக்குப் போனார். பாருங்கள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. நான் செய்தது சரி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அங்கே போட்ட ஆட்கள் யாரும் நிலைக்கவில்லை. இரண்டாவது சம்பந்தம் வந்தபோது குருப்பெயர்ச்சி சரியில்லை என்று சொன்னேன். பஷீர் அண்ணனால் அதில் என்ன வாதம் செய்ய முடியும்? மூன்றாவது தடவை அவர் விடுவதாக இல்லை. எங்கள் அம்மா நெஞ்சுவலியில் இறந்துபோயிருந்த சமயம் அது. வாயில் அதுதான் வந்தது.

“அவருக்கு நெஞ்சுல கோளாறுண்ணே. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவருக்கே முழுசாத் தெரியாது.”

அண்ணன் போனிலேயே அழுதார். யாரிடமும் சொல்லாமல் இருப்பது அவரால் முடியாத காரியம். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, என் கணவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. பேரீச்சம்பழம் வந்தது, தேன் வந்தது. மைதானத்தில் அவர் இரண்டு அடி ஓடினால் யாராவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“ஏன் வள்ளி எவனப் பாத்தாலும் என்னைய உக்காரச் சொல்றான்? அவ்வளவு கெழவனாவா தெரியிறேன்?”

“மரியாதைதாங்க” என்றேன்.

கொஞ்சம் வேகமாக நடக்கிறேனோ? சொல்லுங்கள், குறைத்துக்கொள்கிறேன்.

நான்காவது சம்பந்தம் இந்த வருடம் வந்தது. வேலையிடத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். சாப்பாட்டு நேரத்தில் திறந்தால் அண்ணனின் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

“தங்கச்சி, குழு மொத்தமும் குணாளனுக்குத்தான் கை தூக்கிருச்சு. ஒரு ஆள்கூட மாத்திச் சொல்லல. நெஞ்சு வெசயத்த நான் சொல்லிப் பாத்துட்டேன். டாக்டர் ஒரு வாட்டி பாத்துச் சரின்னா போதும்னு குழுத் தலைவரு டத்தோ சொல்லிட்டாரு. அடுத்த வாரம் கேஎல் ஆபீசுக்குக் கூட்டிட்டு வா. சாக்கு ஏதாச்சும் சொல்லிக் கூட்டிட்டு வா, அங்க வந்து சந்தோஷப்படட்டும்.”

அன்று பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். டாக்டர் பார்த்தால் நெஞ்சு கல்லுமாதிரி இருக்கிறது என்பார். அண்ணன் என்னைப் பார்ப்பார். அப்புறம் குருப்பெயர்ச்சியும் வெளியே வரும், மனசு சரியில்லாததும் வெளியே வரும். என் கணவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டியிருக்கும். அவரால் அதைத் தாங்க முடியாது. அவருடைய நன்மையைத்தான் யோசித்தேன். சொன்ன வார்த்தை பொய்யாகாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அம்மாவின் நெஞ்சுவலி மாத்திரைகள் மிச்சம் இருந்தன. தினமும் காலையில் அவர் குடிக்கிற கஞ்சியில் பொடி செய்து கலந்தேன். பரிசோதனையில் தேறாமல் போகிற அளவுக்குக் கொஞ்சம் தளர்ச்சி வந்தால் போதும் என்பதுதான் என் எண்ணம். கசக்காமல் இருக்க இஞ்சியைக் கூட்டிப் போட்டேன். அவர், “இன்னிக்கி நல்லாருக்கு வள்ளி” என்று இன்னொரு கிண்ணம் கேட்டார். கொடுத்தேன். மனைவி எப்படி இல்லை என்பாள்?

மைதானத்தில் விசிலை வாயில் வைத்தபடியே விழுந்தாராம். நாற்காலி கொண்டுவந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மருத்துவமனையில் இரண்டாம் நாள் தெளிந்துவிட்டார். டாக்டர் சின்னப் பெண். நெஞ்சில் ஒரு குறையும் இல்லை, ரத்த அழுத்தம் ஏன் இப்படி இறங்கியது என்றுதான் புரியவில்லை, சோதனைக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறோம் என்றாள். நன்றி சொன்னேன்.

மாலையில் பஷீர் அண்ணன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். அந்த இடைவெளியில் அவர் முறையை மீறிவிட்டார். போகப்போகிற மனுசன் தெரிந்துகொண்டு போகட்டும் என்று நினைத்தாராம். நான் திரும்பி வந்தபோது அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“நாலு வாட்டியா வள்ளி? நாலு வாட்டி கேட்டாங்களா?”

நான் தண்ணீரை மேசையில் வைத்தேன். “உங்க நல்லதுக்குத்தாங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சிரித்தார். தலையணையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்கள் கல்யாணத்திலும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

“இத்தன வருசமா எவனுக்குமே நான் வேணாம்னு நெனச்சிட்டு இருந்தேன்டி. பரவால்ல விடு. கேட்டாங்கல்ல, அது போதும். இந்த வாட்டி நானே பேசிக்கிறேன். போனைக் குடு.”

கொடுத்தேன். அண்ணன் டத்தோவின் எண்ணைப் போட்டுத் தந்தார். என் கணவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, “போலே டத்தோ. சாயா தெரிமா” என்றார். முடியும், ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை. நெஞ்சில் குறையில்லை என்று இங்கே டாக்டர் சொன்னதே போதும் என்று, திங்கட்கிழமை அறிவிப்பதாக முடிவானது. பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் இல்லை, நேரம் இல்லை. ஆரஞ்சுகளைப் போர்வைமேல் அடுக்கி, தற்காப்பில் இருவரா மூவரா என்று அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றேன், அந்தப் பக்கம் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வீட்டுக்குப் போனதையும் கவனித்திருக்க மாட்டார்.

மறுநாள் காலை கஞ்சி கொண்டுபோனேன். மிச்சம் இருந்த மாத்திரைகள் எல்லாம் அதில் இருந்தன. இதைத்தானே நீங்கள் காலையிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள்? ஆமாம், தெரிந்துதான் போட்டேன். இந்தத் தடவை தளர்ச்சிக்காக இல்லை. அவர் ஒரு கையால் அண்ணனுக்கு வாட்ஸ்அப் அடித்துக்கொண்டே குடித்தார். கிண்ணத்தைக் காலியாகத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. போன வாரம் இங்கே காவலர்கள் போட்ட தொலைக்காட்சியில் அவருடைய முதல் ஆட்டத்தைப் பார்த்தேன். என் கணவருக்காக வீரர்கள் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். பாதி ஆட்டத்துக்குள்ளேயே மூன்று கோல் வாங்கிவிட்டார்கள். கூட்டம் ஊளையிட்டது, போத்தல்கள் பறந்தன. அந்தப் புது மனிதர் கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். அவருடைய மனைவியும் எங்கேயோ இருந்து அதைப் பார்த்திருப்பாள், பாவம்.

வேறு என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள். ஒன்று மட்டும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் தேசிய அணிக்காக ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை.