கண்ணைக் கசக்காதீர்கள்!

மேடையில் வீற்றிருக்கும் இமாம் அவர்களே, நகரத் தலைவர் அவர்களே, லானாவோ ஏரியின் இரு கரையிலிருந்தும் வந்திருக்கும் குலப் பெரியவர்களே, தாய்மார்களே, இடுப்பில் துப்பாக்கியோடு கடைசி வரிசையில் நிற்கும் தம்பிகளே! உங்கள் எல்லோர் மீதும் அமைதி நிலவட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். யாரும் கண்ணைக் கசக்காதீர்கள்! அழுங்கள், துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள். கசக்கினால் டாக்டர் சொரைலா மகாராத் கபர்க்குழியிலிருந்து எழுந்து வந்து கையிலேயே ஒன்று போடுவார். எத்தனை பேர் வாங்கியிருக்கிறீர்கள்! "கசக்கிக் கசக்கித்தானடா கருவிழி கூம்பு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது! இன்னொரு தரம் கை மேல போச்சு, விரலை ஒடிச்சிருவேன்!" என்று கத்துவார். அப்புறம் அதே கையால், வெட்டிப்போட்ட நகத்துண்டு போன்ற இரண்டு அரைவளையங்களை அந்தக் கருவிழிக்குள் செருகி, கூம்பைத் தட்டையாக்கி, பார்வையைத் திருப்பிக் கொடுப்பார். பதினாறு வருடம் நானும் அவரும் கண் டாக்டர்களாக ஒரே அறுவை அறையில் வேலை பார்த்தோம்.

போன செவ்வாய்க்கிழமை காலை மேசையில் கிடந்தவன் அனுவார். கண் மட்டும் மரத்திருந்தது, ஆள் விழித்திருந்தான். சொரைலா ஒரு வளையத்தைச் செருகிவிட்டார், நான் பக்கத்தில் உதவிக்கு நின்றேன். அடுத்ததை எடுக்கும்போது கதவை உதைத்துக்கொண்டு சாலிக் வந்தான். அனுவாரின் சித்தப்பா சாலிக்கின் அண்ணனைக் கொன்றவர். நம் ஊரைத் தின்றுகொண்டிருக்கும் ரிடோ, அந்தக் குலப்பகை, அறுவை அறைக்குள்ளேயே வந்துவிட்டது.

"தள்ளுய்யா! அவனை எங்கிட்ட விடு!"

நான் மேசைக்கடியில் புகுந்தேன். ஆமாம், உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், புகுந்துகொண்டேன்! சொரைலா நகரவில்லை. கையை விரித்துக் குறுக்கே நின்றார். ரிடோவில் பெண்ணைச் சுடமாட்டார்கள் என்பது நம் வழக்கம். அதை நம்பி நின்றார். ஆனால் தொப்பியும் முகமூடியும் அங்கியும் போட்டிருந்தால் ஆண் யார், பெண் யார்? "பொம்பளைடா அவங்க!" என்று நானாவது ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேனே!

மூன்று குண்டுகள். நெஞ்சில் இரண்டு, கழுத்தில் ஒன்று. இரத்தம் அனுவாரின் முகமெல்லாம் தெறித்தது. தொப்பி கழன்று கூந்தல் சரிந்த பிறகுதான் சாலிக் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தான். "ஐயோ, டாக்டரக்கா!" என்று அலறி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவன் கண்ணும் கூம்பிய கண். வரும் வியாழக்கிழமை வளையம் வைக்க சொரைலாதான் அவனுக்கு நாள் குறித்திருந்தார். செவ்வாய்ப் பட்டியலில் அறுவை செய்பவர் என்று என் பெயர்தான் இருந்தது; அன்று நாங்கள் மாற்றிக்கொண்டது அவனுக்குத் தெரியாது. குறுக்கே நிற்பது நான் என்று நினைத்தானாம்.

அனுவாரின் இரண்டாவது வளையத்தை மறுநாள் நானே வைத்தேன். இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

சொரைலாவின் தம்பி மகுமோத் சற்றுமுன் வாசலில் என்னிடம் சொன்னார்: "டாக்டர், நாப்பதாம் நாளுக்குள்ள அந்த சாலிக் வீட்டுல ஒரு ஆம்பளை மிஞ்ச மாட்டான்." மகுமோத்! உன் அக்கா இதற்காகவா மூன்று குண்டு வாங்கினார்?

அவருடைய வேலையை நான் தொடர்வேன். வியாழக்கிழமை சாலிக்கைச் சிறையிலிருந்து விலங்கோடு கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். எதிர்ச்சுவரில் சொரைலாவின் படம் இருக்கும். கண்கட்டை அவிழ்த்ததும் அவன் அந்த முகத்தைத் தெளிவாகப் பார்க்கட்டும்.

மகுமோத், சுடுவதென்றால் நீயும் அன்றைக்கே வா. தொப்பியும் முகமூடியும் போட்டு மேசைக்கு முன்னால் ஒருவர் நிற்பார். அது நான்தான். இந்தத் தடவை அடியில் புகமாட்டேன்.