இன்ஸ்பெக்டர் இறுக்கிய திருகுகள்

சில பேருக்குக் கண்ணு சொருகுது... தெரியுது, தெரியுது. மதியச் சாப்பாடு அப்படி. ஆசிரியர்களைத் தட்டி எழுப்புற தைரியம் எனக்கு இல்ல. அதனால ஒரு துப்பாக்கியை எடுக்கப் போறேன்... பயப்படாதீங்க, கதையிலதான். சின்னக் கதை.

தெக்க ஒரு போலீஸ் முகாம். பேரு வேண்டாம். அங்க ஆயுதக் கிடங்கைப் பாத்துக்கிட்டவங்க பேரு செல்லக்கனி. தலைமைக் காவலர். அவங்க பொறுப்புல பன்னிரண்டு ரைஃபிள். ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஹாலோகிராஃபிக் சைட்டு.

அது என்னன்னு கேக்குறீங்களா? துப்பாக்கி முதுகுல குட்டியா ஒரு கண்ணாடி ஜன்னல். எட்டிப் பாத்தா அந்தரத்துல செவப்பா ஒரு வட்டம், நடுவுல ஒரு புள்ளி. புள்ளியை எங்க வைக்கிறோமோ, குண்டு அங்க போகணும். தானா போகுமா? போகாது! பக்கவாட்டுல ரெண்டு திருகு இருக்கும். ஒண்ணு மேல கீழ, இன்னொண்ணு இடம் வலம். மூணு குண்டு சுடணும். எங்க விழுந்திருக்குன்னு நடந்து போய்ப் பாக்கணும். திரும்பி வந்து திருகை 'டிக்... டிக்...'னு எண்ணித் திருப்பணும். மறுபடி மூணு குண்டு. மறுபடி நடை. இதுக்குத்தான் ஜீரோ பண்றதுன்னு பேரு.

செல்லக்கனி மூணு நாள் வெயில்ல நின்னு பன்னிரண்டையும் ஜீரோ பண்ணினாங்க. "கண்ணாடியைச் சட்டை நுனியால தொடைக்காதப்பா, கீறல் விழும்"... "வேலை முடிஞ்சா பேட்டரியைக் கழட்டி வைப்பா"... சொல்லிச் சொல்லித் தொண்டையே கட்டிப் போச்சு. முடிச்சதும் பாத்தா, பன்னிரண்டு துப்பாக்கியிலயும் திருகு பன்னிரண்டு விதமா நிக்குது. ஒண்ணு படுத்திருக்கு, ஒண்ணு சாஞ்சிருக்கு. ஆனா பன்னிரண்டும் குறி தப்பல!

மறுநாள் டி.ஐ.ஜி. ஆய்வுக்கு வர்றாரு. அன்னிக்கு மத்தியானமே இன்ஸ்பெக்டர் குணசீலன் கிடங்குக்குள்ள வந்தாரு. நல்ல மனுஷன். ஒரே ஒரு கொறை... கோணலா எதையும் பாக்கச் சகிக்காது. பூந்தொட்டியைக்கூட நூல் பிடிச்சு வைக்கச் சொல்றவரு.

"ஏம்மா... இந்தத் திருகெல்லாம் ஏன் ஆளுக்கொரு பக்கம் பாக்குது?"

"ஐயா, அது ஜீரோ பண்ணினதுய்யா. துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும்."

"டி.ஐ.ஜி. ஐயா கேட்டா இதையா சொல்லுவ? லூசா விட்ட மாதிரி இருக்கு. எல்லாத்தையும் கடைசி வரைக்கும் இறுக்கு. ஒண்ணு போல நிக்கணும்."

"ஐயா... தொட்டா குண்டு வேற எங்கயோ போயிரும்யா."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பாக்க நல்லா இருக்கணும்."

பாத்துக்கலாம்! இந்த ஒரு வார்த்தைக்குள்ள எத்தனை வேலை படுத்துத் தூங்குது, சொல்லுங்க!

அந்தம்மா கை வைக்கல. இன்ஸ்பெக்டரே ஒரு ஒத்த ரூபாக் காசை எடுத்தாரு. அதைத் திருகுத் தலைப் பள்ளத்துல வச்சு, பன்னிரண்டையும் தன் கையாலயே இறுக்கினாரு. கிடங்கைப் பூட்டி, சாவியையும் தன் பையில போட்டுக்கிட்டாரு.

விடிஞ்சுது. டி.ஐ.ஜி. வந்தாரு. வரிசையைப் பாத்தாரு. "பிரமாதம்!" இன்ஸ்பெக்டருக்கு நெஞ்சு நிமிந்துச்சு. அடுத்து... சுட்டுக் காட்டணும். நூறு மீட்டர். பன்னிரண்டு பேரு, ஆளுக்கு அஞ்சு குண்டு. மொத்தம் அறுபது. குறி அட்டையில எத்தனை ஓட்டை? ஒண்ணுகூட இல்ல! அறுபதும் அட்டைக்குக் கீழ, இடது பக்கமா, மண்ணுல. அவரு கேட்ட ஒற்றுமை அப்படியே கெடைச்சிருச்சு!

டி.ஐ.ஜி. மெதுவாக் கேட்டாரு: "குணசீலன்... பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி தப்பாச் சுடுறாங்களே, இதுக்குத் தனியாப் பயிற்சி குடுத்தீங்களா?"

"ஐயா... சைட்டு பழுதுங்கய்யா!"

பேட்டரியை மாத்தினாங்க. கண்ணாடியைத் தொடைச்சாங்க. சைட்டைத் துப்பாக்கியோட பிடிச்சிருக்கிற போல்ட்டை முடுக்கினாங்க. சுட்டாங்க... மறுபடி மண்ணு!

"கிடங்கு யாரு பொறுப்பு?" டி.ஐ.ஜி. கேட்டாரு. செல்லக்கனியைக் காட்டினாங்க. "அந்தம்மாவுக்கு மெமோ குடுங்க."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோகூட வாங்காதவங்க. நேரா முன்னால வந்தாங்க.

"ஐயா, ஒரு துப்பாக்கி குடுங்க. ஒரு அரை மணி நேரம்."

அட்டையைப் பக்கத்துல கொண்டுவரச் சொன்னாங்க. மூணு குண்டு. போய்ப் பாத்தாங்க. டிக்... டிக்... மறுபடி மூணு. மறுபடி திருகு. அப்புறம் அட்டையைப் பழைய தூரத்துல வச்சு மூணு சுட்டாங்க. மூணும் நடுவுல. ஒரு உள்ளங்கையால மூடிரலாம்.

"அப்ப சைட்டு நல்லாத்தான் இருக்கு"ன்னாரு டி.ஐ.ஜி. "திருகைத் தொட்டது யாரு?"

இன்ஸ்பெக்டர் ஆகாயத்தைப் பாக்குறாரு.

"இன்ஸ்பெக்டர் ஐயாதான்யா. வேண்டாம்னு சொன்னேன். கேக்கல."

அவ்வளவுதான் சொன்னாங்க. குரலைக்கூட ஒசத்தல. மெமோ அங்கயே நின்னு போச்சு. மிச்சம் பதினொண்ணையும் ஜீரோ பண்ண அந்தம்மா மறுபடி வெயிலுக்குப் போனாங்க.

ஒரு வாரம் கழிச்சு ஆய்வு அறிக்கை வந்துச்சு. ஆபீஸ்ல இருந்து, அச்சடிச்ச படிவத்துல. என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? 'ஆயுதங்களின் தோற்றம்: மிக நன்று. இன்ஸ்பெக்டருக்குப் பாராட்டு. சுடும் திறன்: திருப்தி இல்லை. பன்னிரண்டு காவலருக்கும் பத்து நாள் மறுபயிற்சி.' செல்லக்கனி பேரு?... தேடாதீங்க. அதுக்குப் படிவத்துல கட்டமே இல்ல.

சிரிக்கிறீங்க... சிரிங்க. ஆனா இதை ஏன் உங்ககிட்ட வந்து சொல்றேன்? நம்ம கையில துப்பாக்கி இல்ல. வகுப்புக்கு நாப்பது பிள்ளைங்க இருக்காங்க. ஆய்வுக்கு ஆள் வர்றாங்கன்னா நாம என்ன பண்றோம்? ஒருத்தன் மெதுவா யோசிக்கிறான்... இறுக்கு! ஒருத்தி குறுக்கக் கேள்வி கேக்குறா... இறுக்கு! நாப்பதும் ஒரே பதிலை ஒரே குரல்ல ஒப்பிக்கும். வந்தவரு "பிரமாதம்"னு கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிச்சிட்டுப் போயிருவாரு. அந்தப் பிள்ளை பத்து வருஷம் கழிச்சு எங்க போய் விழுந்துச்சுன்னு எந்த அறிக்கை சொல்லும்?

வரிசை நேரா இருக்கிறது, பாக்க வர்றவருக்காக. போற வழி நேரா இருக்கிறது, பிள்ளைக்காக. ரெண்டுல எதுக்குங்க நமக்குச் சம்பளம்?

...கை தட்டாதீங்க. பதில் சொல்லுங்க.