பால் கொடுத்த பத்திரம்

“உன் மகனுக்கா? கழுதை ஓட்டுறவனுக்கா என் பொண்ணு? போய் மூஞ்சியைப் பாருடி, தெர்மூதிஸ்!”

“பதினாறு வருஷமா மருமவனேன்னு அவனை நீதானேடி கூப்பிட்ட? பட்டாளத்துல இருந்து ரோமக் குடிமகனா ஒரு கிழட்டுக் குதிரைக்காரன் பொண்ணு கேட்டு வந்ததும் என் வாசல் நாறுதா?”

“நாறத்தான் செய்யுது. பீர்ப்பானையைக் கழுவிட்டு வந்து பேசு.”

ஒரே முற்றத்தில் இரண்டு வீடு என்றால் இதெல்லாம் சகஜம். பானையும் கழுவாமல்தான் இருந்தது. மற்றதை நானே சொல்லிவிடுகிறேன். ஊரார் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். கூட்டிச் சொல்வதில் எனக்குத்தான் பெயர் என்பது வேறு விஷயம்.

அந்த அடுத்த வீட்டுத் தாயிஸுக்குப் பிள்ளை இல்லை. குப்பைமேட்டில் யாரோ போட்டுவிட்டுப் போன பெண்குழந்தையை எடுத்து வந்து ஹெரையிஸ் என்று பெயர் வைத்தாள். அப்போது என் பாசியோன் கைக்குழந்தை. இரண்டுக்கும் நான்தான் பால் கொடுத்தேன். அதற்கு எழுதிய பத்திரத்தில் ‘தாயிஸின் அடிமைக் குழந்தை’ என்று இருக்கும். பெற்றவள் பின்னால் வந்து கேட்டுவிடக் கூடாதென்று எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். பிறகு மகளாக வளர்ப்பார்கள். குடிக்கணக்கெடுப்பிலும் மகள் என்றே சொல்வார்கள்.

சண்டைக்கு மறுநாள் ஹெரையிஸ் சுவரோரம் வந்தாள். “பெரியம்மா, எனக்கு அந்தக் கிழவன் வேணாம். அம்மாகிட்ட நான் பேசுறேன். கொஞ்சம் பொறுத்துக்கோ.”

பொறுத்திருக்கலாம். ஆனால் வழக்குக் கேட்க வந்த ஆளுநர் ஐந்து நாள்தான் எங்கள் ஊரில் இருப்பார்.

என்னிடமிருந்த பால் பத்திரத்தின் பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய மொழிபெயர்ப்பாளன் கேட்டான்: “இந்தப் பொண்ணு மகளா, அடிமையா?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அதுல என்ன எழுதியிருக்கோ அதுதாங்க.”

ஒரு பொய்யும் சொல்லவில்லை. கணக்கெடுப்பில் மறைத்த அடிமை அரசுக்குச் சொந்தம் என்பது ரோமர் போட்ட சட்டம், நான் போட்டதல்ல. முந்தின நாளே எழுத்தரிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அவ்வளவு பெரிய இடத்துக்குப் போகக் கூடாதல்லவா?

தாயிஸையும் கூட்டி வந்திருந்தார்கள். என் கையைப் பிடித்தாள். முற்றத்தில் ‘டி’ போட்டவள், அங்கே அக்கா என்றாள். “அக்கா, மகளா வளர்த்தேன்னு சொல்லுக்கா. நீ பார்த்தியேக்கா.”

என் செருப்புவார் அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டிக்கொண்டேன். கட்டி முடிப்பதற்குள் அடிமை என்று எழுதிவிட்டார்கள்.

ஹெரையிஸை அலெக்சாந்திரியாவுக்குப் படகேற்றினார்கள். குதிரைக்காரன் அந்த மாதமே ஒரு விதவையைக் கட்டிக்கொண்டான். தாயிஸ் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். படகு போன மறுநாள் பாசியோன் கழுதையைக்கூட அவிழ்த்துவிடாமல் ஆற்றோரமாகவே நடந்து போனான். ஆறு வருஷமாகிறது.

வருவான். வந்ததும் கல்யாணம்தான். பெண் தேடிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை நன்றியுள்ள குடும்பமாக.